சிறிய கிற்றாரும் சத்தமில்லாத வீடும்

ஐம்பது வயதைக் கடந்த ஒருவன் கிற்றார் கடைக்குள் நுழைந்தால் அவனிடம் கேட்கப்படும் முதற் கேள்வி, "மகனுக்கா, மகளுக்கா?" என்பதே. கண்டி நகரின் மூன்று கடைகளில் இக்கேள்விக்கு விடையளித்த அனுபவம் எனக்குண்டு. ஆகையால், ஸ்காபரோவில் வாழும் பழைய நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்து, "நானும் ஒரு கிற்றார் வாங்கப்போகிறேன். நீங்கள் எதை வாங்கினீர்கள்?" என்று கேட்டபோது எனக்கு வியப்பேற்படவில்லை. அவர் வசிப்பது அடுக்குமாடி வீட்டில். இரவு வேலை முடிந்து வரும் நேரத்திலேதான் பழக முடியும். மேல்மாடிக்காரர் முறைப்பாடு செய்யக்கூடாது. ஊருக்கு வரும்போது கையோடு கொண்டுவரவும் வேண்டும். "பிக்கப் பூட்டிய சிறிய அக்கூஸ்டிக் ஒன்று போதும்தானே?" என்பது அவருடைய கேள்வி.

ஒரே சொல்லில் "ஆம்" என்றோ "இல்லை" என்றோ விடை கூற இயலவில்லை. சிறிதாக இருத்தல், பயணத்துக்கு உகந்ததாக இருத்தல், சத்தமின்றிப் பழக உதவுதல் ஆகிய மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினாலும் தனித்தனியானவை. ஒன்றை வாங்கினால் மற்ற இரண்டும் இலவசமாகக் கிடைத்துவிடும் என்ற எண்ணத்திலேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள்.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் வழியில், மாத்தளையை அண்மித்து அமைந்திருக்கிறது எங்கள் உக்குவளை. கறுவாவும் மிளகும் கொக்கோவும் வளரும் ஊர். தந்தையார் மறைந்த பின்னர், எண்பதைத் தாண்டிய அம்மாவுக்குத் துணையாக இங்கே மீண்டும் குடியேறினேன். பத்திரிகை வேலைக்காக வாரத்தில் இரண்டு நாட்கள் கொழும்புக்குச் செல்கிறேன். எங்களுடையது பழைய வீடு. உட்சுவர்கள் கூரைவரை எழும்பவில்லை. ஓர் அறையில் தீக்குச்சி உரசினால் அடுத்த அறையில் கேட்கும். கட்டுரையை அனுப்பிவிட்டு நிமிரும்போது இரவு பத்தரை மணியாகியிருக்கும். அம்மா உறங்குவது ஒன்பது மணிக்கு. எனக்கு வாசிக்கக் கிடைக்கும் நேரம் அந்தப் பத்தரை மணிக்குப் பிறகுதான்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டத்துக்குப் படித்த காலத்தில் விடுதி நண்பர் ஒருவரிடம் ஏழெட்டுக் கோர்டுகள் கற்றுக்கொண்டேன். அதன்பின் பல ஆண்டுகள் கருவியைத் தொடவில்லை. போர்க்காலத்தில், நீண்ட பெட்டியொன்றைத் தோளில் சுமந்தபடி கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்குவதற்குத் தமிழ்ப் பெயருள்ள எந்தப் பத்திரிகையாளனும் ஆசைப்பட்டிருக்க மாட்டான்.

இனி விடயத்துக்கு வருகிறேன். பிக்கப் என்பது என்ன? பெரும்பாலான எலெக்ட்ரோ அக்கூஸ்டிக் கிற்றார்களில், தந்திகள் அமர்ந்திருக்கும் வெண்ணிறச் சிறு பட்டிக்குக் கீழே அழுத்தத்தை மின்னாக மாற்றும் பியெஸோ உணரி ஒன்று இருக்கும். தந்தியின் அதிர்வு அதன்மீது விழ, நுண்ணிய மின்சைகை பிறக்கிறது. பக்கவாட்டில் பொருத்தப்பட்ட சிறிய சுற்று, பெரும்பாலும் 9 வோல்ட் பற்றரியின் உதவியுடன், அதை வலுப்படுத்தி வெளியே அனுப்புகிறது. இவ்வளவும் மேடைக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. மரப்பெட்டி எழுப்பும் இயல்பான ஓசையில் இதனால் ஒரு துளியும் குறையாது. ஹெட்போன் அணிந்து வாசிப்பவரின் காதில் ஒலி இனிமையாக விழும். பக்கத்து அறையில் இருப்பவருக்கும் முன்போலவே கேட்டுக்கொண்டிருக்கும்.

கண்டிக் கடையொன்றில் நின்ற இளைஞர் ஒருவர் இதை இரண்டே வாக்கியங்களில் சொல்லிவிட்டார். "பிக்கப் சத்தத்தக் கூட்டத்தான் சேர். கொறைக்கிறதுக்கு இல்ல." விலை கூடியதை விற்கும் வாய்ப்பைத் தானாகவே கைவிட்டு உண்மையைச் சொன்ன அந்த இளைஞருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஹெட்போனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரும்பாலான கிற்றார்களின் துளையில் ஹெட்போனை நேரடியாகச் செருகிக் கேட்க முடியாது. இடையில் கைக்குள் அடங்கும் சிறிய ஒலிபெருக்கிச் சாதனம் ஒன்று தேவை. மேலும், துளையில் வயரைச் செருகிய மாத்திரத்திலேயே உள்ளிருக்கும் சுற்று உயிர்பெற்றுவிடும். வாசித்து முடித்ததும் வயரைக் கழற்றாவிட்டால் பற்றரி வீணாகத் தீர்ந்துகொண்டேயிருக்கும்.

சத்தமின்றி வாசித்தல் என்பது என் தலைமுறை மலையகத் தமிழனுக்கு வேறொரு பொருளையும் தருவது. 1970களில் இலங்கை வானொலியில் ஏ. ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் பாடிய தமிழ்ப் பொப் பாடல்கள் தோட்டத்து லயன்கள்வரை வந்து சேர்ந்திருந்தன. அதுவரை சிங்களப் பைலாவுக்கும் பறங்கியர் வீட்டு விருந்துகளுக்கும் உரியதென்று எண்ணப்பட்ட கிற்றார், தமிழ்ப் பையன்களின் கைக்கும் வந்தது. எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி வசித்த அண்ணன் ஒருவரிடம் ஒரு கிற்றார் இருந்தது. மாலை நேரத்தில் அவர் வாசிக்கத் தொடங்கினால் தெருவே கூடும். சிங்களப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் நாங்களும் அவருடைய திண்ணையைச் சுற்றி நிற்போம்.

1983 ஜூலையில் மாத்தளை நகரின் தமிழ்க் கடைகள் எரிந்தன. முத்துமாரியம்மன் கோயிலும் தீவைப்புக்கு உள்ளானது. எனக்கு அப்போது பதினான்கு வயது. அதன்பின் எங்கள் தெருவில் தமிழ் வீடுகளின் வானொலிகூடத் தாழ்ந்த குரலிலேதான் பேசியது. அண்ணனின் கிற்றார் முற்றாக மௌனமாயிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியக் குடியுரிமை பெற்றிருந்தும் போவதா இருப்பதா என்று தயங்கிக்கொண்டிருந்த அவருடைய குடும்பம், 1984 இன் தொடக்கத்தில் புறப்பட்டுவிட்டது. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரம் சென்ற கப்பற்சேவை அதே ஆண்டில் நின்றுபோனது.

அந்தக் கிற்றார் முழு அளவானது. பெட்டி கிடையாது. அண்ணனின் தாயார் அதைப் பழைய சேலைகளால் சுற்றி, சாக்கில் இட்டுத் தைத்தார். தந்திகள் இறுகியபடியே இருந்தன. மண்டபம் முகாமில் சாக்கைப் பிரித்தபோது கழுத்து முறிந்திருந்ததாகப் பின்னர் வந்த கடிதத்தில் எழுதியிருந்தார்கள். வேறு பல இழப்புகளுக்கிடையே அது ஒரு வரிச் செய்தி. எனினும் அந்த வரி என் நினைவில் தங்கிவிட்டது.

எதனால் முறிந்தது என்பது பிற்காலத்தில் விளங்கியது. உருக்குத் தந்திகள் ஆறும் சுருதி கூட்டிய நிலையில் ஏறத்தாழ 70 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையுடன் கழுத்தை இழுத்துக்கொண்டிருக்கும். நைலோன் தந்திகளில் அது 40 கிலோகிராம் அளவே. முடுக்காணிகள் இருக்கும் தலைப்பகுதி கழுத்துடன் சேருமிடத்தில் மரம் மெலிந்திருக்கும். சாக்கு மூட்டை ஒருமுறை குப்புற விழுந்தாலே போதும். ஆகவே பயணக் கிற்றார் வாங்குவோருக்கு என் முதல் ஆலோசனை, ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை நல்ல பெட்டிக்கோ தடித்த உறைக்கோ முன்கூட்டியே எடுத்துவைத்துவிட வேண்டும் என்பது.

இனி வகைகளைப் பார்ப்போம். பயணத்துக்கென்றே துடுப்பைப்போல மெலிந்த வடிவில் மார்ட்டின் நிறுவனம் செய்த 'பேக்பெக்கர்' கிற்றார் 1994 இல் கொலம்பியா விண்ணோடத்தில் விண்வெளிக்கே சென்றுவந்தது. சுமப்பதற்கு அதைவிட எளிதானது அரிது. ஆயினும் உடல் மிக ஒல்லியானதால் மடியில் நிலைகொள்ளாது. வாரின் உதவி வேண்டும். ஓசையும் மெலிந்தது. சத்தமின்மையை நாடுவோருக்கு இது குறையென்று சொல்வதற்கில்லை.

அடுத்தது முக்கால் அளவுக் கிற்றார். டெய்லரின் 'பேபி', மார்ட்டினின் 'லிட்டில் மார்ட்டின்', யமஹாவின் 'ஏபிஎக்ஸ்-டி2' போன்றவை இவ்வகையின. நீளம் ஏறக்குறைய 90 சென்ரிமீற்றர். முழு அளவுக் கிற்றார் ஒரு மீற்றரைத் தாண்டிவிடும். பஸ்ஸில் கால்களுக்கிடையே நிறுத்திக்கொண்டு பயணிப்பவனுக்கு இந்த 10 சென்ரிமீற்றரின் அருமை தெரியும்.

நீளம் குறைவதால் விரல்களுக்கும் ஓய்வு கிடைக்கிறது. முழு அளவு உருக்குத் தந்திக் கிற்றார் பலவற்றில் தந்தியின் அதிரும் நீளம் 645 மில்லிமீற்றர். ஏபிஎக்ஸ்-டி2 இல் அது 580 மில்லிமீற்றர். ஒரே தடிப்புள்ள தந்தியை ஒரே சுருதிக்குக் கூட்டினால், நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இழுவிசை மாறும். கணக்கிட்டுப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு இழுவிசை குறைகிறது. நாள்முழுதும் தட்டச்சுச் செய்து மூட்டுகள் நோகும் விரல்களுக்கு இது சிறிய சலுகையன்று. இதற்கு விலையும் உண்டு. பெட்டிக்குள் அடங்கும் காற்று குறைவதால் மந்தரத் தந்திகளின் கம்பீரம் குன்றும். தந்தி தளர்வாக இருப்பதால், அழுத்தி வாசிப்பவரின் கையில் சுருதி சற்றே விலகும்.

இந்த வேறுபாட்டைக் காசு செலவழிக்காமலே சோதித்துப் பார்க்கலாம். நண்பரின் முழு அளவுக் கிற்றாரை இரவல் வாங்கி, ஆறு தந்திகளையும் ஒரு முழுச் சுரம் தாழ்த்துங்கள். பின்னர் இரண்டாவது பிரெட்டில் கேப்போவைப் பூட்டுங்கள். சுருதி பழையபடி வந்துவிடும். அதிரும் நீளமோ ஏறத்தாழ 575 மில்லிமீற்றராகிவிடும். முக்கால் அளவுக் கிற்றாரை விரல்கள் எவ்வாறு உணரும் என்பது அப்போதே விளங்கும். அரை மணிநேரம் வாசித்த பின்னும் அந்த நெருக்கமான பிரெட் இடைவெளி பிடிபடாவிட்டால், சிறிய கிற்றார் உங்களுக்கு உகந்ததன்று.

மூன்றாவது வகை, பெட்டியே இல்லாத கிற்றார். யமஹா நிறுவனத்தின் 'சைலண்ட் கிற்றார்' இதற்குப் புகழ்பெற்றது. நடுவே ஒரு மரத்தண்டு, இருபுறமும் உடலின் விளிம்பை மட்டும் காட்டும் சட்டகம். அதில் ஒருபக்கத்தைக் கழற்றி உறைக்குள் வைக்கலாம். ஹெட்போனை நேரடியாகவே செருகலாம். அறைக்கு வெளியே அநேகமாக எதுவும் கேட்காது. சத்தமின்றிப் பழகுதல் ஒன்றே நோக்கமாயின் இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. ஸ்காபரோ நண்பருக்கும் இதையே முதலில் சொன்னேன். கழுத்து முழு நீளமானது என்பதையும், ஹெட்போன் இல்லாமல் நாலுபேருக்கு வாசித்துக் காட்ட இயலாது என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

எனக்கு அது கைகூடவில்லை. நான் தேடிக்கொண்டிருந்தது 2022 ஆம் ஆண்டில். அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்த பெறுமதி, மே மாதத்தில் 360 ரூபாவாயிற்று. 700 டொலர் அளவில் விற்கப்பட்ட அந்தக் கருவி, வரிகளைச் சேர்க்காமலே இரண்டரை இலட்சம் ரூபா. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டும் வந்தது. பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து மின்சாரம் தருவது எங்கள் உக்குவளையில்தான். 1976 முதல் இயங்கும் மின்நிலையத்தின் அருகிலேயே இருந்துகொண்டு மெழுகுவர்த்தி தேடினோம். பற்றரியையும் ஹெட்போனையும் நம்பாமல், வெறுங்கையால் மீட்டினாலும் ஒலிக்கும் கருவியே வேண்டுமென்ற முடிவுக்கு அந்த இரவுகளில் வந்தேன்.

ஆண்டின் இறுதியில், மாத்தளை நகரில் ஓர் இளைஞர் முக்கால் அளவு எலெக்ட்ரோ அக்கூஸ்டிக் ஒன்றை விற்பதாக அறிந்தேன். வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. பயணச்சீட்டுக்குப் பணம் போதவில்லை. அந்த ஓராண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் இலங்கையிலிருந்து வேலைக்காக வெளியேறினர். அவர்களில் ஒருவர். கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு, "கொண்டு போகலாம்தான் அங்கிள், ஆனா அங்க எட்டுப் பேருக்கு ஒரு ரூம்" என்றார். கேட்ட விலையில் பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

பேரம் பேசாவிட்டாலும் பரிசோதிக்காமல் வாங்கவில்லை. பாவித்த கிற்றாரை வாங்குவோர் பார்க்கவேண்டியவை இவை. தலைப்பகுதியின் பின்புறத்தில் மயிரிழை வெடிப்பு உண்டா என வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கழுத்தை ஒரு கண்ணால் நீளவாக்கில் நோக்கினால் வளைவு தெரியும். பன்னிரண்டாவது பிரெட்டில் தந்திக்கும் பிரெட்டுக்கும் உள்ள இடைவெளி 2.5 மில்லிமீற்றரை மிஞ்சினால் விரல்கள் துன்பப்படும். பற்றரி அறையைத் திறந்து, இரசாயனம் கசிந்து பச்சை படிந்திருக்கிறதா எனக் கவனிக்க வேண்டும். ஒலிபெருக்கியில் இணைத்து ஒவ்வொரு குமிழையும் திருப்பினால், கரகரப்பு இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

மரத்தைப் பற்றியும் ஒரு சொல். முழுப்பலகையில் செய்த கிற்றாரின் நாதம் சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்தகைய மரம் 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்திலேயே நலமாக இருக்கும். மழைக்கால உக்குவளையின் ஈரமும், கொழும்பின் குளிரூட்டிய அறைகளின் வறட்சியும், வெயிலில் நிற்கும் வாகனத்தின் வெக்கையும் மாறிமாறித் தாக்கினால் பலகை உப்பும், சுருங்கும், வெடிக்கும். பல படைகளை ஒட்டிய பலகை அவ்வளவு நுட்பமாக ஒலிக்காது, நிறையப் பொறுத்துக்கொள்ளும். ஊர்சுற்றும் கிற்றாருக்கு இந்தப் பொறுமையே பெரிது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னரும் சத்தத்தின் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. தந்திகளுக்கு அடியில், பிரிட்ஜின் ஓரமாகப் பஞ்சுத் துண்டொன்றைச் செருகினால் ஓசை அடங்கும் என்று படித்திருந்தேன். உண்மையிலேயே அடங்கியது. முதல் வாரம் முழுவதும் அவ்வாறே பழகினேன். ஏழாம் நாள் இரவு பக்கத்து அறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "என்ன தம்பி அது, டொக்கு டொக்குன்னு? எலி பெட்டியக் கடிக்கிற மாதிரி இருக்கு. வாசிக்கிறதா இருந்தா ஒழுங்கா வாசி."

அவர் சொன்னதில் ஓர் உண்மை இருந்தது. உறக்கத்தைக் கலைப்பது ஓசையின் அளவு மட்டுமன்று. என்னவென்று புரியாத ஓசையும் கலைக்கும். பஞ்சை அகற்றினேன். பிக்கைக் கீழே வைத்துவிட்டு, கட்டைவிரலின் சதையால் மட்டும் மெதுவாக மீட்டத் தொடங்கினேன். நகம் படாத விரல், சிறிய பெட்டி, தளர்ந்த தந்தி மூன்றும் சேர்ந்தபோது எழுந்த ஒலி, சுது கங்கையின் இரைச்சலுக்குள் அடங்கும் அளவுக்கே இருந்தது. அம்மாவிடமிருந்து முறைப்பாடு வரவில்லை. மெதுவாக வாசிப்பது சத்தமாக வாசிப்பதைவிடக் கடினம். ஒவ்வொரு சுரமும் தெளிவாக விழ வேண்டுமானால் இடக்கை பிழைக்க முடியாது. அந்த இரவுகளில் கற்றுக்கொண்டதை எந்த ஒலிபெருக்கியும் எனக்குக் கற்றுத் தந்திருக்காது.

விமானத்தில் வருவோருக்காகச் சில சொற்கள். பெரும்பாலான விமான நிறுவனங்களின் கைப்பை நீள வரம்பு 55 சென்ரிமீற்றர் அளவிலேயே இருப்பதால், முக்கால் அளவுக் கிற்றாரும் விதிப்படி உள்ளே வராது. அமெரிக்காவில் 2012 ஆம் ஆண்டுச் சட்டமும் 2015 இல் நடைமுறைக்கு வந்த விதியும், ஏறும் நேரத்தில் இடமிருந்தால் சிறிய இசைக்கருவியைக் கையோடு அனுமதிக்க வேண்டும் என்கின்றன. பிற நாடுகளில் பயணச்சீட்டு வாங்கும்போதே கேட்டறிந்து, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. கனேடியப் பாடகர் டேவ் கரோலின் கிற்றார் 2008 இல் விமானப் பயணத்தில் உடைந்தது. நட்டஈடு மறுக்கப்பட, மறுவருடம் அவர் அதையே பாட்டாக்கி உலகறியச் செய்தார். நம்மில் எல்லோருக்கும் பாட்டுக் கட்ட வராது. சரக்கறைக்கு அனுப்ப நேர்ந்தால் தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, தலைப்பகுதிக்குக் கீழே துணி மடித்து அணைகொடுங்கள்.

ஈட்டி மரத்தால் செய்த கருவிகளைப் பற்றிப் பலர் அஞ்சுவதுண்டு. 2017 இல் அவ்வின மரங்கள் அனைத்தும் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2019 இறுதியில், செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. 1992 முதல் கடும் தடைப்பட்டியலில் உள்ள பிரேசில் ஈட்டிக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. பழைய, விலையுயர்ந்த கிற்றார் வைத்திருப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

வாங்கப் புறப்படும் எவருக்கும் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எந்த நேரத்தில், எந்த அறையில், யார் உறங்கும்போது வாசிக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் எழுதிவையுங்கள். அறைக்கு வெளியே எதுவுமே கேட்கக்கூடாதெனில் பெட்டியில்லாத கிற்றார். மெல்லிய ஒலியைச் சுற்றியிருப்போர் பொறுப்பார்களெனில் முக்கால் அளவு போதும். மேடையேறும் எண்ணம் இல்லாவிட்டால் பிக்கப் இல்லாததையே எடுத்து, மிஞ்சும் பணத்துக்கு நல்ல உறை வாங்குங்கள். என்னுடையதில் பிக்கப் இருக்கிறது. மூன்று ஆண்டுகளில் இரண்டே முறை, கோயில் மண்டபத்தில் பிள்ளைகள் பாடியபோது, அதில் வயரைச் செருகியிருக்கிறேன்.